ஓடையில் முதல் கால்

குமணன்சாவடி கல்யாண மண்டபத்தின் மேடையில் ஜாபர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. வெளியே பெங்களூர் ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. உள்ளே மின்விசிறிகள் இருந்த சூட்டையே சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தன. பின்கட்டில் பிரியாணிக்கு தம் போட்டிருந்தார்கள். அந்த வாசனையில் பாதிப் பேரின் காது மேடையிலும் மூக்கு பின்கட்டிலும் இருந்தது.

அன்று எங்கள் பட்டாலியனின் பிறந்தநாள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று இந்தப் பக்கம் குடியேறிவிட்ட பழைய ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை மண்டபம் பிடித்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு கூடுவோம். இறந்தவர்கள் பெயரை வாசிக்கும்போது எழுந்து நிற்போம். பிறகு சாப்பிட்டுவிட்டு, முழங்கால் வலிக்கு என்ன மருந்து என்று பேசிக்கொண்டே கலைந்து போவோம். வழக்கமாக அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஜாபர் லீவில் வந்திருந்தான். என் நண்பன் காதரின் மகன். காதர் இறக்கும்போது தவழ்ந்துகொண்டிருந்தவன், வளர்ந்து அப்பாவின் பட்டாலியனிலேயே சேர்ந்து, புதிதாக நாயக் பதவிக்கு வந்திருந்தான். நாயக் என்றால் கையில் ஒரு செக்‌ஷன், பத்துப் பேர். இறந்தவர்கள் பட்டியலில் காதரின் பெயரை வாசித்ததும், மகனைப் பேசச் சொல்லி எல்லோரும் மேடைக்குத் தள்ளினார்கள்.

"எங்க வாப்பா ஓடையில முதல் கால் வெச்சவரு," என்று ஆரம்பித்தான். "இப்ப நம்ம கேம்ப் கேட்டுல ஒரு சிமெண்ட் தொட்டி கீது. அதுல பூட்ஸ நனைச்சிட்டு நானும் முதல் கால் வெச்சேன்னு சொல்லிக்க எனக்கு மனசு வரல. அடுத்து நாங்க மலைக்குப் போறோம். எனக்கு செக்‌ஷன் குடுத்துருக்காங்க. அங்க ஓடை வந்தா, வாப்பா மாதிரி நான்தான் முன்னாடி எறங்குவேன்."

மண்டபமே கைதட்டியது. பழைய சுபேதார்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பெண்கள் வரிசையில் காதரின் மனைவி ரஹ்மத்தைத் தேடினேன். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டவில்லை.

முதல் கால் என்றால்

பாடி மேம்பாலத்துக்குக் கீழே என்னைப் பார்க்கும்போதெல்லாம் மடக்கும், இந்தத் தொடரின் வாசகர் ஒருவர் உண்டு. "பட்டாளம்னு பேர் வெச்சிட்டு வாரா வாரம் டீ, உருளைக்கிழங்கு, அட்டைப்பூச்சின்னே எழுதிகினு கீறியே அண்ணாத்தே, சண்டை எப்பத்தான் வரும்?" என்பது அவருடைய குறை. இந்த வாரம் துப்பாக்கி வெடிக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் மற்றது புரியாது.

எங்கள் பட்டாலியன் நான் பிறப்பதற்கு முன்பே ஒரு யுத்தத்தில் ஆற்றைக் கடந்தது. எதிர்க்கரையிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. அப்போது கம்பெனி கமாண்டர் ஒருவர் எதுவும் பேசாமல் எல்லோரையும் தாண்டி வந்து தண்ணீரில் கால் வைத்தார். அவர் பின்னால் மொத்தக் கம்பெனியும் இறங்கிவிட்டது. ஜெயித்தார்கள். மேலே சொன்ன பிறந்தநாளில் அந்தக் கதையைத்தான் முதலில் சொல்வோம்.

அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் எங்கே தண்ணீரைக் கடந்தாலும், இருப்பவர்களில் பதவியில் பெரியவர் யாரோ அவர்தான் முதல் கால் வைக்க வேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை. சட்டத்தையாவது மீறலாம், இதை மீற முடியாது. பயிற்சியில் முழங்கால் அளவு வாய்க்காலைக் கடக்கும்போதுகூட நடுவில் நடந்து வரும் கமாண்டர் முன்னால் வருவார். மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவர் இறங்கிய பிறகுதான் அடுத்தவன் இறங்குவான்.

ஆற்றங்கரை யுத்தத்துக்கு அது நல்ல பழக்கம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பதினெட்டு வயதில் பாடியிலிருந்து போனவன் நான். அப்பா ஒரு காலத்தில் கூலிக்கு வயலில் இறங்கியவர், பிறகு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்கு வந்தவர். தன்னை அதட்டியவர்களைத்தான் அவர் பார்த்திருந்தார், தனக்கு முன்னால் இறங்கிய முதலாளியை வாழ்க்கையில் பார்த்ததில்லை. முதல் கால் கதையை நான் லீவில் வந்து சொன்னபோது, சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இப்படி ஒரு இடத்தில் மகன் வேலை செய்கிறான் என்று அவருக்குப் பெருமை. எனக்கும்தான்.

காதர்

காதர் பூந்தமல்லிக்காரன், எங்கள் செக்‌ஷனின் நாயக். மெத்தைக் கடை வைத்திருந்த குடும்பம். எந்த முகாமுக்குப் போனாலும் அவன் செய்யும் முதல் வேலை எங்கள் படுக்கைகளைத் தட்டிப் பார்த்து உதடு பிதுக்குவதுதான். காய்ந்த புல்லைப் பொறுக்கி, சாக்குக்குள் திணித்து, மேடு பள்ளம் இல்லாமல் தட்டி, செக்‌ஷன் முழுக்க மெத்தை போட்டுக் கொடுப்பான். அதன் மேல் படுத்து அவனே முதலில் குறட்டை விடுவான். அந்தக் குறட்டைக்கு எதிரி பயந்து ஓடிவிடுவான் என்று கிண்டல் செய்வோம்.

நாங்கள் அப்போது வடகிழக்கு மலையில் இருந்தோம். யுத்தம் என்று சொல்ல முடியாது. அங்கே எதிர்க்கரை என்று ஒன்று கிடையாது. காலையில் நமக்கு அன்னாசிப்பழம் விற்றவனுக்கு மாலையில் காட்டுக்குள் என்ன வேலை என்று நமக்குத் தெரியாது. நாம் கிளர்ச்சிக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அவர்கள் எங்கேயோ மேலே உட்கார்ந்து நம்மைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே ஓடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு ரோந்து போய்த் திரும்புவதற்குள் பூட்ஸ் பலமுறை நனைந்து, கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். ஒவ்வொரு ஓடையிலும் எங்கள் வழக்கம் நடக்கும். நடுவில் வரும் காதர் முன்னால் வருவான். நாங்கள் ஒதுங்குவோம். அவன் மெதுவாக பிஸ்மில்லா சொல்லி இறங்குவான். அந்த ஒரு சொல்லுக்காகவே நானும் காத்திருப்பேன். அதைக் கேட்டுவிட்டால் பயம் குறைந்துவிடும்.

பக்கத்து முகாமில் வேறொரு பட்டாலியன் இருந்தது. அவர்கள் ஓடையைக் கடப்பதைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். யார் முன்னால் யார் பின்னால் என்று ஒழுங்கே இருக்காது. ஒருநாள் ஒருவன், மறுநாள் இன்னொருவன். அவர்களுக்குள் கமாண்டர் யார் என்று எங்களுக்கே தெரியாது. கல்யாண ஊர்வலம் போகிறது பார் என்போம். அந்த மலையில் இருந்தவரை ஓடையில் அவர்கள் ஆள் ஒருவரும் சாகவில்லை. அதை நாங்கள் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தாலும் அவர்களிடம் போய்க் கற்றுக்கொண்டிருக்க மாட்டோம். எங்களுக்கு அவ்வளவு பெருமை.

ஒரு தூறல் நாளில் காதர் பிஸ்மில்லா சொல்லி இறங்கினான். எதிர்ச் சரிவிலிருந்து ஒரே ஒரு வெடி. அவ்வளவுதான். நாங்கள் விழுந்து படுத்து, திருப்பிச் சுட்டு, மூங்கில் இலையெல்லாம் உதிரும்வரை சுட்டோம். மேலே யாரும் இல்லை. காதர் தண்ணீரில் குப்புறக் கிடந்தான். அவனைப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டவன் நான்தான். அவன் சட்டையிலிருந்து வழிந்த தண்ணீர் முதலில் சூடாக இருந்தது, பிறகு குளிர்ந்துவிட்டது.

டீ குடித்துக்கொண்டு கற்றது

ரோந்து முடிந்து வந்தால் எல்லோரும் டீ மக்கோடு வட்டமாக உட்கார வேண்டும். இன்று என்ன நடந்தது, எதைக் கற்றோம் என்று அதிகாரி கேட்பார். யார் வேண்டுமானாலும் பேசலாம். சிப்பாய்கூடப் பேசலாம். வெளியில் இருப்பவர்கள் ராணுவத்தில் கேள்வியே கேட்க முடியாது என்று நினைக்கிறார்கள். தப்பு. அந்த வட்டத்தில் நாங்கள் நிறையப் பேசினோம், உண்மையாகவும் பேசினோம்.

காதர் போன பிறகு பேசினோம். கிளம்பும் நேரத்தை மாற்றினோம். ஒரே வழியில் போய் அதே வழியில் திரும்புவதை நிறுத்தினோம். ஓடைக்கு வருமுன்னே எதிர்ச் சரிவைப் பார்க்க இரண்டு பேரை மேலே ஏற்றினோம். பீடி குடிப்பதைக்கூட நிறுத்தினோம். அத்தனையும் நல்ல பாடங்கள்தான். ஆனால் ஓடை வந்ததும் கமாண்டர் முன்னால் வந்தார், நாங்கள் ஒதுங்கினோம்.

யாராவது எங்கள் வாயைக் கட்டிப்போட்டார்களா என்றால் இல்லை. அது எங்கள் கண்ணிலேயே படவில்லை. கேள்வி கேட்கும் வட்டத்துக்கு வெளியே அந்தப் பழக்கம் இருந்தது. காதர் அதைச் செய்துகொண்டே செத்ததால் இன்னும் புனிதமாகிவிட்டது. இனிமேல் அதை விட்டால் அவனுக்குத் துரோகம் என்று ஆகிப்போனது.

கொஞ்ச காலத்தில் ஏழுமலையின் முறை வந்தது. காதருக்குப் பிறகு செக்‌ஷனை எடுத்த நாயக். வேறு ஓடை, வேறு நேரம், மேலே இரண்டு பேர் காவல். இருந்தும் அதே மாதிரி ஒரே வெடி. தொடையில் பட்டது. உயிர் தப்பியது, கால் போய்விட்டது.

பிறகு காட்டிலிருந்து சரணடைந்த ஒருவனை எங்கள் முகாமில் சில வாரம் வைத்திருந்தார்கள். சமையல் கொட்டகையில் எங்களோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவுவான். ஓட்டை இந்தியில் பேசுவான். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான். மற்ற பட்டாலியன்களில் கமாண்டர் யார் என்று அவர்களுக்குக் கண்டுபிடிப்பது கஷ்டமாம். எல்லோரும் ஒரே உடுப்பு, ஒரே துப்பாக்கி. எங்களிடம் மட்டும் கஷ்டமே இல்லையாம். தண்ணீர் வரும்வரை பொறுத்திருந்தால் போதுமாம். நடுவிலிருந்து ஒருவன் முன்னால் வருவான், மற்றவர்கள் ஒதுங்குவார்கள், அவன்தான் கமாண்டர். ஒரு குண்டுக்கு மேல் செலவு செய்ய வேண்டியதில்லையாம்.

அவன் கேலியாகச் சொல்லவில்லை. தோலைச் சீவிக்கொண்டே, ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னான். எனக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. பிறகு அவன் மேல் கோபம் இல்லை என்று புரிந்தது. எங்கள் மேல்தான் கோபம். எங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாததை அவன் தெரிந்து வைத்திருந்தான்.

தொட்டி வந்த கதை

அப்போது எங்களுக்குப் புதிதாக ஒரு மேஜர் வந்திருந்தார். மெதுவாகப் பேசும் மனிதர். சரணடைந்தவன் சொன்னது அவர் காதுக்கும் போயிற்று. மறுநாளே பழக்கத்தைத் தடை செய்வார் என்று எதிர்பார்த்தேன். தடை செய்திருந்தால் எங்கள் ஆட்கள் கேட்டிருக்க மாட்டார்கள். முகத்துக்கு நேரே சல்யூட் அடித்துவிட்டு, காட்டுக்குள் போனதும் பழையபடியே இறங்கியிருப்பார்கள். கமாண்டர் பின்னால் நின்றுகொண்டு சிப்பாயை முன்னால் அனுப்பினான் என்ற பேச்சுக்கு எவனும் ஆளாக விரும்ப மாட்டான்.

அவர் வேறு மாதிரி செய்தார். முகாம் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டச் சொன்னார். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ரோந்து கிளம்பும்போது கமாண்டர் அதில் முதல் கால் வைக்க வேண்டும், பிறகு மற்றவர்கள். முதல் கால் நம் வாசலிலேயே விழுந்துவிடட்டும், அதற்கு மேல் வெளியே இருக்கிற தண்ணீரெல்லாம் அதே தண்ணீர்தான் என்றார். பழக்கம் தப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் ஆட்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. பூஜை போட்டு, ஃபாத்திஹா ஓதி, தொட்டிக்குத் திறப்பு விழாவே நடந்தது. அதன் பிறகு ஓடையில் யாரும் முன்னால் வரவில்லை. யார் முன்னால் நடக்கிறானோ அவன் இறங்கினான். அதுவும் நாளுக்கு ஒருவன். அந்த மலையை விட்டு நாங்கள் இறங்கும்வரை இன்னொரு காதர் சாகவில்லை.

அந்த மேஜரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனாலும் ஒரு குறை. ஏன் தொட்டி என்று அவர் வெளிப்படையாகச் சொல்லாததால், எங்களுக்குத் தெரிந்தது எங்களோடு நின்றுவிட்டது. பட்டாலியன் போன இடமெல்லாம் தொட்டி போனது. பாலைவனத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் வாளியில் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினார்கள். காரணம் மட்டும் போகவில்லை. புதிதாக வந்தவர்கள் ஒருபக்கம் காதரின் வீரக் கதையைக் கேட்டார்கள், இன்னொரு பக்கம் கேட்டில் இருந்த தொட்டியைப் பார்த்தார்கள். கதை பெரிதாகத் தெரிந்தது, தொட்டி ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. ஜாபர் அப்படிப் பார்த்ததில் என்ன ஆச்சரியம்?

காதரின் உடலோடு பூந்தமல்லிக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். ரஹ்மத்திடம், முன்னால் நின்று செத்தார் என்றோம். துக்க வீட்டில் வேறு எதைச் சொல்வார்கள்? அதற்காக இப்போது நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை அந்தக் கதையைத் தின்றே வளரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

கை கழுவும் இடத்தில்

மண்டபத்துக்குத் திரும்புகிறேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனால், குழாய்ப் பக்கம் ரஹ்மத் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நாற்காலியில் ஏழுமலை. இப்போது வேலப்பன்சாவடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இரண்டு பேரும் ஏதோ பேசி நிறுத்தியது தெரிந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு," என்றார் ரஹ்மத். "எம்புருசனும் ஓடையில முதல்ல எறங்குனாரு, ஒரே குண்டு. இவரும் முதல்ல எறங்குனாரு, ஒரே குண்டு. சுத்தி அத்தினி பேர் கீறாங்க, அவங்க யாருக்கும் ஒண்ணும் ஆவல. அது எப்டிண்ணே? இப்ப எம்புள்ளயும் முதல்ல எறங்குவேன்றான்."

மண்டபத்தில் இருந்த அத்தனை சுபேதார்களும் கைதட்டியபோது, கணக்கைச் சரியாகப் போட்டது இந்த ஒரு பெண்மணிதான். நான் சொல்லிவிட்டேன். சரணடைந்தவன் சொன்னதை, தொட்டி வந்த காரணத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு இதை அப்படியே ஜாபரிடம் சொல்ல வேண்டும், லீவு முடிவதற்குள் சொல்ல வேண்டும் என்றார். தான் சொன்னால் அம்மா பயப்படுகிறாள் என்று தட்டிவிடுவானாம்.

ஏழுமலை என் மணிக்கட்டைப் பிடித்தார். "மாமே, எனக்கு ஒரு கால் இல்ல. முன்னாடி நின்னு குடுத்தேன்னு நெனச்சிகினுதான் இத்தினி வருசம் ஓட்டிகினு கீறேன்," என்றார். "அது முட்டாள்தனத்துல போச்சுன்னு சொல்லிட்டா நான் இன்னா பண்றது?"

குழாயில் தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது, யாரோ வந்து மூடினார்கள்.

பூந்தமல்லி, வேலப்பன்சாவடி

இரண்டு நாள் கழித்து பூந்தமல்லிக்குப் போனேன். மெத்தைக் கடையை இப்போது காதரின் தம்பி பார்த்துக்கொள்கிறார். கடைக்குப் பின்னால் வீடு. ஜாபர் மரியாதையாக எழுந்து நின்று, மாமா உட்காருங்க என்று நாற்காலி போட்டான். பஞ்சுத் தூசியில் எனக்கு இருமல் வந்தது. ரஹ்மத் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகிக்கொண்டே வந்தது. நான் முடித்ததும், "அப்ப எங்க வாப்பா ஏமாந்து செத்தார்னு சொல்றீங்க," என்றான். காதரைச் சொல்லவில்லை, பட்டாலியனைச் சொல்கிறேன் என்றேன். பட்டாலியனும் வாப்பாவும் தனக்கு வேறு வேறு இல்லை என்றான். அதற்கும் மேல் ஒன்று சொன்னான். வயதானவர்களுக்கு ஒரு கட்டத்தில் எல்லாமே தப்பாகத் தெரியும் என்று. எனக்குச் சுருக்கென்றது. அவன் அப்பாவாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவனிடம் முடியவில்லை. அந்த நெற்றியும் அந்த மூக்கும் அப்படியே காதர்.

"ஏழுமலை மாமா சொல்லட்டும்," என்று எழுந்தான். "அவரு சொன்னா நம்பறேன்."

ரஹ்மத் என்னைப் பார்த்தார். மண்டபத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தவரிடம் போய் இதைக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஜாபரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். நெடுஞ்சாலையில் அவன் ஓட்டிய வேகத்துக்கு, மலையில் பிழைத்த உயிர் மதுரவாயல் ரோட்டில் போய்விடும்போல இருந்தது.

ஏழுமலை கடையில் காலேஜ் பிள்ளைகள் கூட்டம். வெயிலுக்குச் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து மிஷினில் தாள் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு பெண் தன் ரெக்கார்டு நோட்டின் பிரதிகளை வாங்கிக்கொண்டு போகும்வரை தலை நிமிரவில்லை. ஜாபர் ஒரே கேள்விதான் கேட்டான். இந்த மாமா சொல்வது உண்மையா என்று.

ஏழுமலை மிஷினை நிறுத்தினார். அவர் இல்லை என்று சொல்லியிருந்தாலும் நான் அவரைத் தப்பாக நினைத்திருக்க மாட்டேன்.

"நெசம்தான்டா," என்றார். "உங்க வாப்பா போனப்புறம் நேரத்த மாத்தனோம், வழிய மாத்தனோம். இது ஒண்ண மட்டும் மாத்தல. அவன் மேல இருந்த பாசத்துல மாத்தல. மாத்திருந்தா நான் இப்டி குந்திகினு இருக்க மாட்டேன்." மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி சொன்னார். "முன்னாடி எறங்க உனக்கு தில்லு கீதுன்னு எங்களுக்குத் தெரியும். உங்கூட வர்ற பத்துப் பேருக்கும் தெரியும். மேல குந்திகினு கீறவனுக்கு மட்டும் தெரியவேணாம்."

ஜாபர் குனிந்து ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு என்னை ஆவடி பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனான். என்ன செய்யப் போகிறான் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரமே ரயில் ஏறிவிட்டான்.

பஸ் ஏறுமுன் நான் திரும்பிப் பார்த்தபோது, ஏழுமலை அடுத்த மாணவனின் தாளை மிஷினில் வைத்துவிட்டு, பட்டனை அழுத்தாமலேயே உட்கார்ந்திருந்தார். இதை எழுதலாமா என்று பிறகு கேட்டதற்கு, எழுது, ஆனால் என் கடை இருக்கும் தெருவைப் போட்டுவிடாதே, பிள்ளைகள் பாவமாகப் பார்ப்பார்கள் என்றார்.

போன் வந்த நாள்

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தது. மலையிலும் மழை என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓடைகள்தான் நினைவுக்கு வரும். ரஹ்மத்துக்குப் போன் செய்யக் கை போகும், செய்ய மாட்டேன். கெட்ட செய்தி இருந்தால் தானே வரும்.

ஒரு மத்தியான வேளை ரஹ்மத்தே என் வீட்டுக்கு வந்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தவரின் புர்காவில் ஓரமெல்லாம் சேறு. வாசலிலேயே, பயப்படாதே அண்ணே, நல்ல செய்திதான் என்றார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜாபர் போன் செய்திருக்கிறான். தொட்டி ஏன் வந்தது என்று தன் செக்‌ஷனை உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னானாம். வாப்பா எப்படிச் செத்தார் என்பதையும் சேர்த்துத்தான். அதன் பிறகு ஓடைகளைக் கடந்திருக்கிறார்கள். தான் நடுவில்தான் நடப்பதாகவும், ஓடை வந்தாலும் நடுவிலேயே இருப்பதாகவும் சொன்னானாம். சொல்லும்போது அவன் குரல் சரியாக இல்லை என்றார் ரஹ்மத். முதல் தடவை நடுவில் நின்றுகொண்டு அடுத்தவன் இறங்குவதைப் பார்த்தபோது உடம்பெல்லாம் கூசியது என்று அழுதிருக்கிறான்.

நான் இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டேன். அத்தனை வருஷம் கழித்து ஒரு பாடம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரஹ்மத் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீ நடுவுல கீற, சரி, அப்ப முன்னாடி யாருப்பா எறங்குனதுன்னு கேட்டேண்ணே," என்றார். "சிவராமன்னு ஒரு சிப்பாயாம். தர்மபுரிப் பக்கமாம். அம்மா மட்டும்தான் கீறாங்களாம்."

முன்னால் போக ஆளுக்கு ஒரு நாள் முறை உண்டு, அதற்கென்று பயிற்சி உண்டு, கமாண்டர் என்று தெரியாதபோது ஒற்றை ஆளுக்காக யாரும் குண்டைச் செலவு செய்ய மாட்டார்கள் என்றெல்லாம் விளக்கினேன். அத்தனையும் உண்மைதான். அவர் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். டீ குடித்தார். டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்த் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"தெனமும் அஞ்சு வேளையும் எம்புள்ளைக்கு துஆ கேட்டுகினு இருந்தேன்," என்றார் கிளம்பும்போது. "இப்ப ரெண்டு பேருக்கும் கேக்கறேன். சிவராமன் பேரத்தாண்ணே முதல்ல சொல்றேன்."